கயிறு பிடிக்கிறவள்

“இன்னிக்கு மில் துறையில கட்டுங்கப்பா.”

கேட்டேவிட்டாள். கால்வாயில் பிறந்த பிள்ளைகள் கேட்கக் கூடாதது அது ஒன்றுதான். புதுச் செருப்பு கேட்கலாம். படகை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறேன் என்று உருண்டு புரண்டு அழுது அதையும் வாங்கிவிடலாம். ராத்திரிக்கு மில் துறையில் படகைக் கட்டு என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. சின்ன வயதில் ஒரு தரம் அந்தக் கல்மேடையை விரல் நீட்டிக் காட்டியதற்கே அவளுக்கு வாயில் அறை விழுந்தது. ஏன் என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அப்பா சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை. படகின் முன்முனையில் நின்ற அண்ணி, தண்ணீரில் ஊன்றப் போன கழியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

“காது கேக்கலையாப்பா?”

“கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருக்கேன். நீயும் கேக்காத மாதிரி போய் விளக்க ஏத்து.”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரின் மேல் பனிமூட்டம் அடுப்புப் புகை மாதிரி தாழ்வாகப் பரவி வந்தது. படகு நிறையக் கூரை ஓடு. பாரம் தாங்காமல் விளிம்பு வரைக்கும் அமிழ்ந்து, கர்ப்பிணி மாதிரி மெல்ல நகர்ந்தது படகு.

“தோல் கிடங்கு வளைவுல கட்டறோம்,” என்றார் அப்பா.

“அங்க ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல சுவரு. நான் எப்படி இறங்கறது? பறக்கவா?”

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மதகைத் தாண்ட நம்ம முறை வந்துரும். சாயங்காலம் ஊருக்குள்ள விட்டுடறேன்.”

“சாயங்காலம் போயி ஆபீஸ் வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்லவா?”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

நாளைக் காலை ஆபீஸ் திறக்கும்போது வேலையில் சேர அவள் அங்கே போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று போனில் சொன்ன பெண்ணின் குரலில் ஈவு இரக்கம் எதுவும் இல்லை. இந்தக் கால்வாயில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மிதித்த அன்றைக்கே படகுக்காரர்கள் ‘ஆபீசர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ‘ஆபீசர் கால் படாம நடங்கடா, ஆபீசருக்கு வழி விடுங்கடா’ என்று இத்தனை வருடம் நக்கல். அந்தப் பேருக்கு நாளைக் காலையில்தான் உயிர் வரப் போகிறது. அல்லது போகப் போகிறது.

நகரம் நெருங்க நெருங்கப் படகு கட்ட இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பாலத்தடியில் கட்டினால் மேலேயிருந்து கல் விழும். கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் கட்டினால் மூக்கை அறுத்து வைத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். குடிசைக் கரையில் கட்டினால் விடியும்போது டீசல் டாங்கி காலி. எங்கே ஆழம், எந்தக் கரையில் நாய் இருக்கிறது, எந்தச் சுவர் காற்றை மறிக்கும் என்பதெல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி. அந்தப் புத்தியை இந்தப் பயணத்தில் அவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை.

“முந்தாநாள் காத்துன்னீங்க, வெயில் இருக்கும்போதே கட்டினீங்க. நேத்து ஆழம் பத்தலன்னீங்க. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு காரணம். என்னை லேட்டாக்கத்தானே?”

“ஆமா,” என்றார் அப்பா.

இல்லை என்று சொல்லுவார், சண்டை போடலாம் என்றுதான் அவள் தயாராக இருந்தாள்.

“உன் அண்ணன் ஊருக்குள்ள வேற படகுக்குப் போயிட்டான். நீயும் போயிட்டா சுக்கான்ல எனக்கு மாத்தாள் யாரு? என்னத்தப் படிச்சியோ, அது தெரியலையே உனக்கு.”

தெரியும். நன்றாகவே தெரியும். அதனால்தான் வயிறு எரிந்தது. அவளுடைய வேலையையும் வாழ்க்கையையும் ஒரு மனிதர் நின்ற இடத்திலிருந்து, எந்த முளையில் கயிறு கட்டுவது என்கிற ஒரே சாக்கில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

தோல் கிடங்கு வளைவு வந்தது. வரிசையாகப் படகுகள், வரிசையாக விளக்குகள். கடைசி இடத்தையும் மீசையின் படகு அடைத்துக்கொண்டிருந்தது. மீசை என்பது ஆளின் பேரில்லை. ஆனால் அதைத் தவிர அந்த முகத்தில் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

“இடமில்லண்ணே!” என்று கத்தினான். “பக்கத்துல ரெட்டையாக் கட்டினா வழி அடைச்சுக்கும். மதகுக்காரன் தோலை உரிச்சு எதிர்க் கிடங்குல போட்டுருவான்.” பிறகு அவளைப் பார்த்து, “என்ன ஆபீசர், மேஜை நாற்காலியெல்லாம் ரெடியா?”

“உங்களுக்குத்தான் ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன், வாசல்ல.”

பக்கத்துப் படகுகளில் சிரித்தார்கள். மீசையும் சிரித்தான்.

“அது சரி, எங்கண்ணே கட்டப் போற?”

அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். பாரப் படகைத் திருப்ப அங்கே அகலம் இல்லை. பின்னால் போகலாம் என்றால் பனிமூட்டம் கண்ணைக் கட்டியது.

“மில் துறையில,” என்றாள் அவள்.

மீசையின் சிரிப்பு அப்படியே நின்றது. அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தண்ணீரைப் பார்த்தார். மீசை கொக்கியில் தொங்கிய விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அடுத்த படகிலும் விளக்கு உள்ளே போனது.

அதற்கடுத்த படகிலும்.

அவர்கள் கடந்து போகப் போக, ஒவ்வொரு படகாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

*

மில் மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கண்ணாடி இல்லாத ஜன்னல்கள், பாதி இடிந்த புகைபோக்கி. ஆனால் துறை மட்டும் அப்படியே இருந்தது. நேரான கல் மேடை, நல்ல ஆழம், கரையேறப் படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து நேராக நகரத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. கால்வாய் முழுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இதை விட்டுவிட்டு ஊரே சாக்கடைக் குழாய்க்கு அடியில் படுத்துக் கிடக்கிறது. மடத்தனம் என்று நினைத்தாள். நினைத்தது கொஞ்சம் சத்தமாகவே வெளியே வந்தது.

கல்லில் வரிசையாக இரும்பு வளையங்கள். எல்லாம் துருவேறிப் பொரிந்து போயிருந்தன.

ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது. தினமும் கயிறு உரசுகிற வளையம் மாதிரி.

அப்பா இஞ்சினைக் குறைத்தார். அண்ணி கழியோடு பக்கவாட்டுக்கு வந்தாள். முன்கயிறு மகள் கையில். இந்தப் பயணத்துக்கென்று வாங்கிய புதுக் கயிறு, அவள் மணிக்கட்டுப் பருமன்.

“வீசும்போது கூப்பிடு,” என்றார் அப்பா. குரல் தணிந்திருந்தது.

“யாரை?”

“ஆள் இருந்தாலும் இல்லன்னாலும் கூப்பிடு. சொன்னா கேளு.”

கரையில் நிற்பவருக்குக் கயிறு வீசும்போது, “கை பாத்து!” என்று கத்துவது கால்வாய் வழக்கம். பாரப் படகு இழுக்கிற கயிறு, பிடிக்கிறவர் விரலைக் கொண்டுபோய்விடும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதான். ஆனால் இங்கே கரையில் ஈ காக்கை இல்லை. வெறும் கல்லிடம் என்ன கூப்பாடு வேண்டியிருக்கிறது? அவளுக்கு இருந்த கோபத்தில் அப்பா சொன்ன எதையும் செய்வதாக இல்லை.

கூப்பிடாமல் வீசினாள்.

கயிறு பனிமூட்டத்துக்குள் போனது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கையில் மிச்சமிருந்த சுருள் தானாக அவிழ்ந்து ஓடியது. வெடுக்கென்று பிடுங்கவில்லை. தொழில் தெரிந்தவர்கள் இழுப்பது மாதிரி, நிதானமாக, ஒரு இழு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழு. படகு மேடையை ஒட்டி வந்து பூப்போல நின்றது. பக்கவாட்டில் தொங்கிய டயர்கூடக் கல்லில் இடிக்கவில்லை.

அண்ணி டார்ச் அடித்தாள். பளபளத்த அந்த வளையத்தில் கயிறு கட்டி முடிந்திருந்தது.

“அதுக்குள்ள நீ இறங்கிக் கட்டிட்டியா?”

“நான் இன்னும் இறங்கவே இல்ல அண்ணி.”

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த எந்த முடிச்சும் அது இல்லை. படகுக்காரர்கள் போடும் முடிச்சு எல்லாமே இரண்டு கையால் போடுவது. இது ஒரு கையால் போட்ட முடிச்சு. நுனியை எதுவோ கவ்விப் பிடித்து இறுக்கியிருக்கிறது. புது நாரில் அழுத்தமாக, வரிசையாக, பல் பதிந்திருந்தது.

பதிந்த இடம் ஈரமாக இருந்தது.

மெஷின் எண்ணெயும் நனைந்த பஞ்சும் கலந்த வாடை அடித்தது. கூடவே இன்னொரு வாடை. கம்பியை நாக்கில் வைத்த மாதிரி.

*

இஞ்சின் நின்றதும் வந்த அமைதி காதை அடைத்தது. அப்பா சுக்கானுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

“கூப்பிட்டியா?”

“இல்ல.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“யாருப்பா அது?” அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

“மில் ஓடின காலத்துல கயிறு பிடிக்கறதுக்குன்னே துறையில பொம்பளைங்க நிப்பாங்க. கூலிக்கு.” அவர் சொல்லச் சொல்ல இடையில் நின்று நின்று போனார். “ஒரு படகு பாரத்தோட வேகமா வந்துச்சு. கூப்பிடாம வீசிட்டாங்க. கயிறு அவ மணிக்கட்டச் சுத்திக்கிச்சு. படகு ஒரு பக்கம் இழுக்குது, வளையம் ஒரு பக்கம். கயிற வெட்டுங்க, கயிற வெட்டுங்கன்னு கத்தினாளாம்.”

“அப்புறம்?”

“புதுக் கயிறு.”

“அதனால?”

“கயிற வெட்டல.”

அண்ணி சட்டென்று இரண்டு கையையும் மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

பயத்துக்கு அடியிலிருந்து அவளுக்குப் பழைய கோபமே மேலே வந்தது. கூலிக்கு நின்ற ஒருத்தியைக் கசாப்பு போட்டுவிட்டு, அதற்குப் பேய் என்று பேர் வைத்து, பிள்ளைகள் கேட்டால் வாயில் அடித்து, காலம் காலமாகச் சாக்கடையில் படுத்து எழுந்துகொண்டிருக்கிறார்கள். இவர்கள் பயப்படுவது எதற்கு, அவளுக்கா, அவளைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே என்றா?

“அது யார் படகுப்பா?”

“யாரைக் கேட்டாலும் எங்க படகு இல்லன்னுதான் சொல்வாங்க.”

“நாம என்ன சொல்வோம்?”

அப்பா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

“நாமளும் அதத்தான் சொல்வோம்.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கிறீச்.

கயிறு முறுக்கேறுகிற சத்தம். காற்று இல்லை. தண்ணீரில் ஓட்டம் இல்லை. பக்கவாட்டில் தொங்கிய டயர்கள் மேடைக்கும் படகுக்கும் நடுவில் மெல்ல மெல்ல நசுங்கின. அடுக்கிய ஓடுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

கிறீச்.

“இழுக்குது,” என்றாள் அண்ணி, மூச்சுக் குரலில்.

“முன்கயிற இளக்கு! பலகை பிளந்துடும், இளக்கு!” அப்பா எழுந்தார்.

கயிற்றின் இந்தப் பக்கம் படகின் முன்முனைக் கட்டையில் சுற்றியிருந்தது. அண்ணிதான் அதற்குப் பக்கத்தில் இருந்தாள். பாய்ந்து போய்ச் சுற்றைக் கழற்றக் கை வைத்தாள். கழன்ற சுற்று, தொட்டில் கயிறு ஆடுவது மாதிரி மெதுவாக ஒரு தரம் ஆடி, அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

இறுகியது.

அண்ணி கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முட்டி போட்டு, கட்டையோடு கட்டையாகக் கன்னம் அழுந்த விழுந்தாள். விரல்கள் நிறம் மாறுவது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது.

“கயிற வெட்டுங்கப்பா!”

அப்பாவிடம் கத்தி இருந்தது. படகுக்காரர் இடுப்பில் கத்தி எப்போதும் இருக்கும். உருவிக்கொண்டு ஓடி வந்தார். அண்ணிக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். கத்தியை ஓங்கினார்.

நிறுத்தினார்.

கயிற்றைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். கடையில் அந்தக் கயிற்றை வாங்கும்போது தடவித் தடவிப் பார்த்தாரே, அந்தப் பார்வை. பிறகு அண்ணியின் கையைப் பார்த்தார்.

“அப்பா, வெட்டுங்க!”

கத்தி இறங்கியது. மெதுவாக. கயிற்றைத் தாண்டி.

அதன் விளிம்பு அண்ணியின் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.

அப்பாவின் முகத்தில் வெறி இல்லை, கோபம் இல்லை. கணக்குப் பார்க்கிறவரின் முகம். எங்கே வெட்டினால் சேதாரம் குறையும் என்று யோசிக்கிற, ரொம்பச் சாதாரணமான முகம். அதைவிடப் பயங்கரமான ஒன்றை அந்தத் துறையில் அவள் அன்றைக்குப் பார்க்கவில்லை.

பாய்ந்து அவர் கையைக் கடித்தாள். கத்தி விழுந்தது. எடுத்தாள். கயிற்றில் வைத்து அறுத்தாள். புதுக் கயிறு லேசில் விட்டுக் கொடுக்கவில்லை. இழை இழையாக அறுந்து, கடைசியில் பெரிய சத்தத்தோடு தெறித்தது. படகு குலுங்கிப் பின்வாங்கி, மேடையை விட்டு ஒரு எட்டு தள்ளிப் போய் அசையாமல் நின்றது.

அறுந்த முனை தண்ணீரில் மிதந்தது. பிறகு கரைப் பக்கமாக நகர்ந்தது. ஒரு இழு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழு. கல்லின் மேல் ஏறி, இருட்டுக்குள் போய் மறைந்தது.

அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடித்த இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது.

“நான் கயிறத்தான்...” என்றார். “கயிறத்தாம்மா வெட்ட வந்தேன்.”

அவள் கத்தியைக் கால்வாயில் எறிந்தாள்.

அறைக்குள் போனாள். மெத்தைக்கு அடியில் நாளைக்கென்று அண்ணி மடித்து வைத்து மடிப்புக் கலையாமல் பார்த்துக்கொண்டிருந்த நல்ல உடுப்பை எடுத்துப் பைக்குள் போட்டாள். சர்டிபிகேட் கோப்பை எடுத்தாள். படுக்கை, பெட்டி, சீப்பு, மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்து துண்டால் அண்ணியின் மணிக்கட்டைச் சுற்றினாள். எலும்பு உடையவில்லை. கயிற்றின் தடம் மட்டும் வளையல் மாதிரி கருநீலமாகப் பதிந்திருந்தது.

“எந்திரிங்க அண்ணி.”

“எங்க?”

“ஊருக்குள்ள. அண்ணன்கிட்ட.”

“இந்த இருட்டுலயா? அது மேல இருக்குடி.”

“இருக்கட்டும். இங்க இருந்ததப் பாத்தீங்கல்ல?”

அண்ணி மாமனாரைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

“விடியட்டும்மா,” என்றார் அப்பா. உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. “நானே கொண்டு விடறேன். சத்தியமா விடறேன்.” அவள் பையைத் தோளில் மாட்டுவதைப் பார்த்ததும் குரல் உடைந்தது. “லீவு நாள்ல வருவல்ல?”

படகின் விளிம்புக்குப் போய், நடுவிலிருந்த கறுப்புத் தண்ணீரைத் தாண்டிக் கல்லில் குதித்தாள். கல் சில்லென்று இருந்தது. படிக்கட்டில் விடுவிடுவென்று ஏறினாள். ஏறின பிறகுதான் நின்று அண்ணிக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்று உறைத்தது. திரும்பினாள்.

அண்ணி ஏற்கெனவே மேலே வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் பாதையில் நடந்தார்கள். தூரத்தில் நகரத்தின் விளக்குகள் பனிமூட்டத்தில் மஞ்சளாகக் கசிந்தன. பின்னால் படகிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

“நல்லவேளை, நீ பிடிச்ச,” என்றாள் அண்ணி, மூச்சு வாங்க. “தாண்டும்போது கால் வழுக்கிருச்சு. நீ மட்டும் கையப் பிடிச்சுத் தூக்கலன்னா தண்ணிக்குள்ள போயிருப்பேன். அடேயப்பா, என்னா பிடி! ஒத்தக் கையால தூக்கிட்டியே.”

அவளுடைய ஒரு கை பையின் வாரைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் கோப்பு. படகை விட்டு இறங்கியதிலிருந்து இரண்டில் எதையும் அவள் கீழே வைக்கவில்லை.

“ஆமா அண்ணி,” என்றாள். “வேகமா நடங்க.”

நகரத்தைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.